இருவாச்சியின் வாசலில் ஒரு மந்தி

மழைக்காட்டில் மந்தாரை என்றொரு கருமந்தி இருந்தது. அதற்குப் பறவைகள் என்றால் உயிர். எது எதைத் தின்கிறது, எங்கே அடைகிறது என்று பசியைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வருடம் ஓடைக்கரைப் பெருமரத்துப் பொந்தில் ஓர் இருவாச்சி ஜோடி குடியேறியது. தாய்ப்பறவை உள்ளே புகுந்து, அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல் விட்டு, வாசலைப் பூசி அடைத்துக்கொண்டது. இனி தாய்க்கும், பொரிந்து வரப்போகும் குஞ்சுக்கும் தந்தைதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

"அவன் ஊட்டுவதைக் கிட்டத்திலிருந்து பார்த்தே தீருவேன்!" என்றது மந்தாரை. ஒருநாள் விடியும் முன்பே போய்ப் பொந்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டது.

வெயில் ஏறியது. தந்தை வரவில்லை. உள்ளே குஞ்சு பசியில் கத்தியது.

மந்தாரைக்கு மனசு கேட்கவில்லை. ஓர் அத்திப்பழத்தைக் கீறல் வழியே நீட்டியது. "இந்தா தாயே, வாங்கிக்கொள்!"

உள்ளிருந்து 'டொக்'கென்று ஒரு கொத்து! மந்தி விரலைச் சூப்பிக்கொண்டது.

"பாவம், பயந்து கிடக்கிறாள். நான் துணைக்கு இருக்கிறேன்" என்று இன்னும் நெருங்கி உட்கார்ந்தது. பெரிய துணை!

குஞ்சின் குரல் மெலிந்தது. பிறகு நின்றேவிட்டது.

அந்த வழியாக மலை அணில் ஒன்று வந்தது. "என்ன அக்கா, முகம் வாடிக் கிடக்கிறது?"

"அப்பன்காரன் குடும்பத்தைக் கைகழுவிவிட்டான்!"

"நேற்றெல்லாம் வந்து வந்து ஊட்டினானே!"

"இன்றைக்கு என்ன கேடு அவனுக்கு? இரு, அலகைப் பிடித்து இழுத்து வருகிறேன்!"

மந்தாரை ஓடையைத் தாண்டி எதிர்ச்சரிவுக்குப் பாய்ந்தது. அங்கே ஒரு கிளையில், தொண்டை புடைக்கப் பழத்தோடு உட்கார்ந்திருந்தது தந்தை இருவாச்சி.

"அகப்பட்டாயா! பிள்ளை பட்டினி கிடக்க, நீ மட்டும் தின்று கொழுக்கிறாயா?"

"இது பிள்ளைக்கு!" என்று கரகரத்தது இருவாச்சி. "நீ எப்போது எழுந்து போவாய் என்றுதான் விடிந்ததிலிருந்து காத்துக் கிடக்கிறேன். குரங்கு குந்தியிருக்கும்போது வாசலைக் காட்டிக்கொடுக்க எந்தத் தகப்பன் வருவான்?"

"ஐயோ, நான் ஒன்றும் செய்ய மாட்டேனே!"

"அது உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டுச் சிறகு இரையப் பறந்தது. பின்னால் போக மந்தாரைக்குக் கால் துடித்தது. போகவில்லை.

தந்தை பொந்தருகே இறங்கி, ஒரு பழத்தைத் தொண்டையிலிருந்து எடுத்துக் கீறலில் வைத்தது. உள்ளிருந்து தாயின் அலகு வாங்கிக்கொண்டது. இன்னொரு பழம். இன்னும் ஒன்று. சத்தமே இல்லை. மந்தாரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

கடைசியில், காற்றோடு மெல்லக் கேட்டது குஞ்சின் குரல்! மந்தாரை அழுதேவிட்டது.

மறுநாளும் அது எதிர்ச்சரிவிலேயே இருப்பதைக் கண்டு அணில் கேட்டது: "ஏன் அக்கா, கிட்டே போகவில்லையா?"

"கிட்டே போனால் பொந்துதான் தெரிகிறது. இங்கிருந்தால் குடும்பமே தெரிகிறது!"

எட்டி நிற்கத் தெரியாத அன்பு, துணைக்கு வந்தாலும் தொல்லையே செய்யும்.