குமிழி வராத பானை

மூங்கில் காட்டில் ஒரு சுனை. சுனைக்குப் பக்கத்தில் ஒரு பாறை. அந்தப் பாறையடியில் கம்பளியான் என்ற கரடி, ஒரு மண்பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பானைக்குள் இருந்தது பீர். ஆமாம், பீரேதான்!

அந்தக் காட்டுக் கரடிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்கப் போகிற கரடி வெறுங்கையை வீசிக்கொண்டு போகக்கூடாது. தன் கையால் காய்ச்சிய பானம் ஒரு பானை கொண்டுபோக வேண்டும். பெண் குடித்துப் பார்ப்பாள். பிடித்திருந்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஒருமுறை வேண்டாம் என்ற பெண்ணை மறுமுறை கேட்கும் பேச்சே அவர்களிடம் கிடையாது.

கம்பளியான் கேட்கப் போவது மேட்டுக் குகைச் சடைச்சியை. அவளை நினைத்தால் அதற்குத் தேன்கூட இறங்கவில்லை. கரடிக்குத் தேன் இறங்கவில்லை என்றால் நிலைமை எவ்வளவு முற்றிவிட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

மற்ற கரடிகள் இலுப்பைப் பூவை ஊறப்போட்டுக் காரியத்தை முடித்துக்கொள்ளும். நம் மாப்பிள்ளைக்கு அது போதவில்லை. காட்டோரத்து பங்களாவில் சமையல்காரர் பீர் காய்ச்சுவதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டது. அன்றிலிருந்து கை நமநமவென்று அரித்தது.

கேழ்வரகைத் திருடிவந்து முளைகட்டியது. காயவைத்து இடித்தது. கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆறவிட்டது. பனைமரத்துக் கலயத்தின் அடியில் கிடந்த கள் மண்டியை ஒரு கை அள்ளிப் போட்டது. அது போட்டால்தானே பொங்கும்! பானையைச் சட்டியால் மூடி, சுற்றிலும் களிமண் பூசியது. சட்டியின் ஓட்டையில் பப்பாளி இலைக் காம்பைச் செருகி, மறுநுனியைச் சிரட்டைத் தண்ணீரில் விட்டது. பங்களாவில் அப்படித்தான் ஒரு குழாய் இருந்தது. அதன் வழியே தண்ணீரில் ‘புளுக், புளுக்’ என்று குமிழி வந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு ‘புளுக்’கும் வரவில்லை.

கம்பளியான் சிரட்டையையே பார்த்தது. காதை வைத்துக் கேட்டது. பொறுக்கமாட்டாமல் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தது. வெள்ளை வெளேரென்று நுரை. கமகமவென்று பழ வாசனை. எல்லாம் சரிதான், குமிழி எங்கே? பழையபடி மூடியை வைத்து, அதே மண்ணைத் தட்டி அப்பிவிட்டு, “ஐயோ, கெட்டுப்போச்சே! பௌர்ணமிக்கு வரச் சொல்லியிருக்காங்களே!” என்று காடே கேட்கும்படி கத்தியது.

கத்தல் கேட்டு முதலில் ஓடிவந்தது மரநாய். பனைமரம் பனைமரமாக ஏறிக் கள் திருடிக் குடிக்கும் பேர்வழி.

“மாப்ளே, மண்டி போதாது! இதுல நான் எவ்வளவு அனுபவப்பட்டவன்! இன்னும் ரெண்டு கை போடு!” என்றது. சொல்லிவிட்டு, சரிபார்க்கிறேன் என்று ஒரு வாய் குடித்தும் பார்த்துக்கொண்டது.

கம்பளியான் இரண்டு கை போட்டது. அந்தக் கை நனைந்தபடி இருக்கும்போதே மயில் வந்து தோகையை மடக்கி நின்றது.

“இந்த நிழல்ல வெச்சா எப்படிப் பொங்கும்? குளிருதுல்ல! உச்சிப் பாறையில வெயில் படுற மாதிரி வை!” என்றது மயில்.

கம்பளியான் பானையைத் தூக்கிக்கொண்டு உச்சிப் பாறைக்கு ஓடியது. மதியத்துக்குள் பானை சீறியது. நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. எறும்புகள் வரிசை கட்டி வந்தன.

“இப்ப ஏன் இப்படிப் பண்ணுது? மண்டியாலயா, வெயிலாலயா?” என்று கரடி திருதிருவென்று விழித்தது.

“ரெண்டும் இல்ல தம்பி, சூடு!” என்றது அங்கே வந்த காட்டெருமை.

“வெயில்னாலும் சூடுதானே அண்ணே?”

“அது வேற, இது வேற! பேசாம என் சேத்துக் குட்டையில இறக்கி வை. குளுகுளுன்னு அடங்கிடும்!”

எது ‘அது’, எது ‘இது’ என்று கம்பளியானுக்கு விளங்கவில்லை. ஆனாலும் இறக்கி வைத்தது. பானை அடங்கியது. அடங்கியது என்றால் அப்படி ஓர் அடக்கம்! சீறலும் இல்லை, நுரையும் இல்லை.

“தூங்கிடுச்சு! நல்லாக் கிளறி எழுப்பு!” என்றது மரநாய். கம்பளியான் கைக்கு எட்டிய குச்சியை எடுத்துக் கிளறு கிளறென்று கிளறியது. அது கறையான் புற்றைக் குடையும் குச்சி என்பது கிளறி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் பானை புளித்த வாடை அடித்தது.

“தேன் ஊத்து, சரியாப்போகும்!” என்றது மயில். “தேனா? தண்ணிய ஊத்து!” என்றது காட்டெருமை. “ரெண்டையும் ஊத்து, நான் குடிச்சுப் பார்த்துச் சொல்றேன்!” என்றது மரநாய்.

கம்பளியான் இரண்டையும் ஊற்றியது. பீர் சேற்று நிறமாகக் கலங்கியது. பானையைப் பார்த்துப் பார்த்துக் கரடியின் தலையும் அதேபோலக் கலங்கியது. குமிழி வரவில்லை என்று மண்டி போட்டோமா? மண்டி போட்டதால் வெயிலில் வைத்தோமா? சேறு வந்தது குச்சிக்கு முன்னாலா, பின்னாலா? புளித்தது எதனால்? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. இரண்டு கைகளாலும் தலையைச் சொறிந்துகொண்டு அழாத குறையாக உட்கார்ந்துவிட்டது. பாவம், ஆசைப்பட்டதைத் தவிர அது வேறு ஒரு குற்றமும் செய்யவில்லை.

பௌர்ணமியும் வந்தது. புத்தி சொன்ன மூவரில் ஒருவரும் துணைக்கு வரவில்லை. கம்பளியான் தானே பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக் குகைக்குப் போனது.

சடைச்சியின் அப்பா ஒரு வாய் குடித்தார். முகம் எட்டுக் கோணலாகப் போனது. ஓடிப்போய்ப் புதருக்குப் பின்னால் துப்பிவிட்டு வந்தார்.

“மாமா, அது வந்து...” என்று இழுத்தது கம்பளியான்.

“நீ பேசாம இருப்பா. அவ கேக்கட்டும்” என்று அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

சடைச்சி ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். துப்பவில்லை. ஆனால் இரண்டாவது சொட்டைத் தொடவும் இல்லை.

“என்னதான் பண்ணினே இதை?” என்று கேட்டாள்.

கம்பளியான் எல்லாவற்றையும் சொன்னது. முன்னுக்குப் பின்னாகத்தான் சொன்னது; அதற்கே வரிசை புரியவில்லையே! சடைச்சி பொறுமையாகக் கேட்டாள்.

“முதல் முதல்ல திறந்து பார்த்தியே, அப்ப எப்படி இருந்துச்சு?”

“நுரை இருந்துச்சு. பழ வாசனை வந்துச்சு. குமிழிதான் வரல.”

சடைச்சி பானையைத் திருப்பினாள். மூடியைச் சுற்றிப் பூசிய களிமண் காய்ந்து, விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.

“இது எப்பலேருந்து இப்படி?”

“அது... பூசின மறுநாளே வெடிச்சிருச்சு” என்றது கம்பளியான்.

“காத்து இந்த வழியா வெளிய போனா, சிரட்டையில எப்படிக் குமிழி வரும்? நுரையும் வாசனையும் இருந்துச்சுன்னா உள்ள பொங்கிக்கிட்டுத்தானே இருந்திருக்கு! பீருக்கு ஒண்ணும் ஆகல. கொஞ்சம் ஈர மண்ணு பூசியிருந்தாப் போதும்!”

அந்தப் பழ வாசனை இன்னும் கம்பளியானின் மூக்கிலேயே இருந்தது. நல்லதாக இருந்ததைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டது.

“ஒரு தடவை மன்னிச்சிரு, சடைச்சி! ஒரு பானைதானே போச்சு! வேற காய்ச்சிக் கொண்டுவரேன்!” என்று கெஞ்சியது.

சடைச்சிக்கும் கண் கலங்கியது. கம்பளியானை அவளுக்குப் பிடிக்காமல் இல்லை.

“பானை போனாப் போகட்டும்” என்றாள். “நுரையை உன் கண்ணால பார்த்தே, வாசனையை உன் மூக்கால மோந்தே. ஆனா அதை நம்பாம, நாலு பேர் வந்து சொன்னதையெல்லாம் பண்ணினே. நாளைக்கு என்னைப் பத்தி நாலு பேர் நாலு சொன்னா, என்னை என்ன பண்ணுவே?”

கம்பளியான் அவளுடைய அப்பாவைப் பார்த்தது. அவர் மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது பானையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கிப் போனது.

கோளாறு எதுவென்று தெரிந்துகொள்ளும் முன்னே ஆளுக்கொரு மருந்தை ஊற்றினால், நன்றாக இருப்பதும் கெட்டுத்தான் போகும்.