ஜெபராணியின் மஞ்சள் கிதார்

"இந்தப் பதினாலும் ஒரே கிதார்ல வருமா தம்பி?"

ஜெபராணி பட்டியலை மேசைமேல் வைத்தாள். வலது கையால். இடது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது.

இர்ஃபானுக்கு முப்பது வயது. முன்பு வார்ப்பட ஆலைகளுக்கு மர அச்சு செதுக்கியவன். இப்போது கோவை பீளமேட்டில் ஒரு ஷெட்டில், கேட்பவர்களுக்குக் கேட்டபடி எலெக்ட்ரிக் கிதார் செய்கிறான்.

அவளுக்கு நாற்பத்து நான்கு. பாளையங்கோட்டை மெல்லிசைக் குழு ஒன்றில் இருபது வருடமாகப் பின்வரிசைக் கிதார்.

அவன் பட்டியலைப் படித்தான். கம்பியை முறுக்கத் தங்க முலாம் பூசிய ஆணிகள். கழுத்து முழுக்க முத்துச்சிப்பியில் மயில்கள். தட்டினால் மின்னும் நீல விளக்குகள். மஞ்சள் நிறம். இன்னும் பத்து.

"எல்லாம் வருமுங்க்கா. எதுக்குங்க இவ்வளவு?"

"எங்க லீட் கிதார்காரர் துபாய் போய்ட்டாரு. கிறிஸ்துமஸ் கச்சேரியில அவரோட ரெண்டு நிமிஷத் தனி வாசிப்பை எனக்குக் கொடுத்திருக்காங்க. முன்னால வந்து நிக்கணும். கூட்டம் கிதாரையே பாக்கணும் தம்பி."

"கிதாரையே பாத்தா, எதைப் பாக்காம இருப்பாங்க?"

அவள் தலைப்பை இடது கைமேல் இன்னும் இழுத்துவிட்டாள்.

இர்ஃபான் உள்ளே போனான். ஒரு நீளக் கட்டையில் ஈரக் களிமண்ணை அப்பி எடுத்து வந்தான். கிதாரின் கழுத்துப் பருமன் இருந்தது.

"பிடிங்க்கா. வாசிக்கிற மாதிரி."

"கை அழுக்காயிரும்."

"கழுவிக்கலாமுங்க."

வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்து, நின்று, திரும்பிப் போனது. அதுவரை அவள் அசையவில்லை.

பிறகு இடது கையை எடுத்தாள்.

மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியோடு நின்றிருந்தன. பத்தொன்பது வயதில், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தபோது மெஷின் கொண்டுபோனது.

பிடித்தாள். விட்டாள்.

களிமண்ணில் அவள் கை இருந்தது. கட்டைவிரல் ஆழமாக. இரண்டு விரல்கள் நீளமாக. இரண்டு குட்டையாக.

"இந்த ரெண்டும் கம்பியைத் தொடுமுங்களா?"

"எட்டாது. அதுங்கள விட்டுட்டுத்தான் வாசிக்கேன்."

"அந்தத் தனி வாசிப்பை எப்படி வாசிப்பீங்க?"

"பாதி சுரத்தை முழுங்கிருவேன்." அவள் குரல் இறங்கியது. "அதுக்குத்தான் மயிலு, வெளக்கு எல்லாம்."

இர்ஃபான் கத்தியை எடுத்தான். குட்டை விரல்கள் பதிந்த பக்கத்தில் மட்டும் மண்ணைச் சீவினான்.

"இப்பப் பிடிங்க."

பிடித்தாள். எட்டவில்லை.

சீவினான். பிடித்தாள். சீவினான்.

ஆறாவது முறை, அந்த இரண்டு விரல்களும் விளிம்பைத் தாண்டி மேலே வந்தன. இல்லாத கம்பியை அழுத்தின.

ஜெபராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடுது," என்றாள். மறுபடியும், சத்தமாக, "தொடுது!"

பட்டியலை எடுத்துக் கசக்கிக் குப்பையில் போட்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"மஞ்சக் கலரை மட்டும் விட்ராதீங்க, மாஸ்டர்."

டிசம்பர் வந்தது. மைதானம் நிறைந்திருந்தது. அந்தக் களிமண் அளவிலேயே கழுத்து செதுக்கிய மஞ்சள் கிதாரோடு அவள் முன்னால் வந்து நின்றாள். வெளிச்சம் முழுக்க இடது கையில் விழுந்தது. அவள் நகரவில்லை.

இரண்டு நிமிடம். ஒரு சுரத்தைக்கூட விழுங்கவில்லை.

முதல் வரிசை எழுந்தது. பிறகு மைதானமே எழுந்தது. "இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள். இரண்டாம் முறை இன்னும் வேகமாக வாசித்தாள்.

மேடைக்குப் பின்னால் எட்வின் காத்திருந்தான். வேறொரு குழுவின் கிதார்காரன். அந்த வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று பேர்.

"ஒரு நிமிஷம் குடுங்கக்கா. நான் வாசிச்சுப் பாக்கேன்."

கொடுத்தாள். அவன் மாட்டிக்கொண்டு தொடங்கினான். நாலாவது சுரத்தில் தடுமாறினான். நிறுத்தி, மறுபடி தொடங்கினான். மறுபடி தடுமாறினான். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"என்னக்கா இது? என் கை இதுல உக்காரவே மாட்டேங்கு!"

ஜெபராணி எல்லோரும் பார்க்க இடது கையைத் தூக்கி விரித்துக் காட்டினாள்.

"இந்தக் கை வேணும்லா!"