டீ வருவதற்குள் ஒரு பசு

அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் துறைத்தலைவர் மாசிலாமணி வாயைத் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அன்றைக்கு ஆசிரியர் கூட்டத்திலும் அப்படித்தான். "சீக்கு மாட்டோட கேஸைக் கொடுத்துப் பசங்களைப் பேச விட்டா வகுப்பு சந்தைக்கடை ஆயிடும். நாம சொல்லணும், பசங்க கேக்கணும்!" பாதிப் பேர் தூங்கிக்கொண்டே தலையாட்டினார்கள்.

தற்காலிக விரிவுரையாளர் பூங்கோதை மட்டும், "கேஸ் கொடுத்தாத்தான் சார் மனசுல பதியுது" என்றாள்.

"அப்படியா? டீ வர்றதுக்குள்ள இவங்களுக்கு அப்படிப் பாடம் நடத்திக் காட்டும்மா. முடியலைன்னா அடுத்த வருஷம் உனக்கு இங்க வேலை இல்ல!"

பூங்கோதை எழுந்தாள். "கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி மேயுற பசு சார். தீனி எடுக்கல, அசை போடல, இடது பக்கம் வயிறு உப்பிக் கிடக்கு. என்ன பண்ணலாம்?"

"பிளாஸ்டிக் தின்னிருக்கும்!" என்றார், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ஒருவர். "இல்லய்யா, எச்சில் சோறு!" என்று இன்னொருவர் மேசையைத் தட்டினார். "சாணி போட்டுச்சா?" "காய்ச்சல் இருக்கா?" அறையே அமர்க்களப்பட்டது. பொறுக்க மாட்டாமல் மாசிலாமணியே பாய்ந்து போய்க் கரும்பலகையில் பசுவின் வயிற்றை வரைய ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. டீக்காரர் தட்டோடு நின்றார்.

"அப்புறம் வாய்யா!" என்று சாக்பீஸை நீட்டிக் கத்தினார் மாசிலாமணி. "பாடம் நடக்குறது தெரியல?"

கத்திய பிறகுதான், பூங்கோதை எப்போதோ உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தார்.