குறட்டை நின்ற நேரம்

மலைக்காட்டுக் குகை ஒன்றில் மொந்தன் என்ற கரடியும், அவன் மனைவி சடைச்சியும், பால்குடி மறக்காத அவர்கள் குட்டியும் இருந்தார்கள். மொந்தன் மல்லாந்து படுத்து விடும் குறட்டை ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். கொடுத்து வைத்தவன், என்ன அசந்த தூக்கம் என்று காடே சொல்லும்.

சடைச்சிக்குக் குறட்டையால் பயமில்லை. அது நடுவில் நின்றுவிடும். அதுதான் பயம். மூச்சே இருக்காது. அவள் போட்டு உலுக்குவாள். அவன் திணறி ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி குறட்டை விடுவான். குட்டிக்குப் பால் கொடுத்தபடி, அவன் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பாள்.

காலையில் சொன்னால் அவனுக்கு ஒன்றும் நினைவிருக்காது. பக்கத்து மரத்துக் குரங்கியிடம் அழுதாள். சத்தம் நின்றால் நிம்மதி என்று தூங்குவாயா, அதற்கும் ஒரு அழுகையா என்று குரங்கி சிரித்தாள்.

பகலில் மொந்தன் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தான். ஒருநாள் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு தேன் மரம் ஏறியவன், கிளையிலேயே கண் அயர்ந்தான். பிடி நழுவியது. அவன் புதரில் விழுந்தான். குட்டியைச் சடைச்சி கீழே நின்று தாங்கிக்கொண்டாள்.

இரவெல்லாம் விழித்திருந்து மூச்சைக் கேட்கக்கூடிய வைத்தியர் அந்தக் காட்டில் ஆந்தை ஒருத்திதான். ஆனால் ஆந்தை வந்து உட்கார்ந்த வீட்டில் சாவு விழும் என்று அவளை யாரும் கூப்பிடுவதில்லை. சடைச்சி அவளைக் கூப்பிடக் கிளம்பினாள்.

"எனக்கு நாள் குறிக்க ஆள் கூட்டிட்டு வர்றியா?" என்றான் மொந்தன்.

"தினமும் ராத்திரி அதைத்தாங்க நான் பாத்துட்டுக் கிடக்கேன். இனிமே தனியாப் பாக்க என்னால முடியாது."

சரி, கூப்பிடு என்று தலையசைத்தான் அவன்.

ஆந்தை வந்தாள். குரங்கி அலறிக்கொண்டு வேறு மரத்துக்குத் தாவிவிட்டாள். விடியும்வரை ஆந்தை வாசலில் அமர்ந்து அவன் மூச்சைக் கேட்டாள். எழுந்ததும் தலை வலிக்கிறதா, வாய் உலர்ந்திருக்கிறதா என்று விசாரித்தாள். மொந்தன் திருதிருவென விழித்தான். இரண்டும் உண்மை. அதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"மல்லாந்தா உன் தொண்டை மூடிக்குது. மூச்சு நிக்குது. உடம்பு பதறி உன்னை எழுப்பி எழுப்பி விடுது. நீ ராத்திரி தூங்கறதே இல்ல மொந்தா. இது அசந்த தூக்கமில்ல, நோய்."

ஒருக்களித்துப் படுக்க வேண்டும், முதுகுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும், உடம்பைக் குறைக்க வேண்டும், குட்டியோடு மரம் ஏறக் கூடாது என்றாள். இதோடு முடிந்துவிடாது, நான் வந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். பிறகு சடைச்சியிடம் திரும்பினாள்.

"எல்லாரும் மூச்சு போனதுக்கப்புறம் என்னைத் திட்டுவாங்க. நீதாம்மா அதுக்கு முன்னாடி கூப்பிட்டிருக்கே."

அன்று இரவு மொந்தன் முனகிக்கொண்டே கட்டையில் முதுகைச் சாய்த்து ஒருக்களித்தான். மூச்சு அப்போதும் ஒரு முறை தடுக்கியது. சடைச்சி பதறி எழப் பார்த்தாள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ தூங்கு என்றாள் ஆந்தை. குட்டி இன்னும் பால் குடித்துக்கொண்டிருக்க, சடைச்சி தூங்கிப் போயிருந்தாள்.

தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது; பக்கத்தில் விழித்திருப்பவர் பயந்து சொன்னால், சிரித்து ஒதுக்காமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.