விழாத கோல்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் ஆன்றோஸ். இது நடந்த வருடம் ஆற்றின் அக்கரைக் கல்லூரிக் கால்பந்து அணிக்கு அவர்தான் கேப்டன். தன்னை எதிர்த்து ஆடியவர்களின் ஆசிரியரை ஒருவர் இப்படிப் புகழ்வாரா என்பதே என் முதல் சந்தேகம்.

ஆற்றின் இக்கரைக் கல்லூரிக்குப் பயிற்சியாளர் லாசர் மாஸ்டர். அவருடைய கோல் கீப்பர் சூசைமிக்கேல், பல்கலைக்கழகப் போட்டியின் கடைசி நிமிடத்தில், மெதுவாக உருண்டு வந்த பந்தைக் கால்களுக்கு நடுவே விட்டுவிட்டான். அணி வெளியேறியது. அடுத்த வாரமே அக்கரையோடு ஆட்டம். வேறு யாரிடம் தோற்றாலும் அவர்களிடம் மட்டும் தோற்கக் கூடாது.

ஆட்டத்துக்கு முந்தின மாலை இரண்டு அணிகளும் கடற்கரையில் ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும். அதற்கு முன் ஒவ்வொரு அணியும் தான் கடைசியாக வாங்கிய கோலை நடித்துக் காட்ட வேண்டும். பந்தை உதைப்பது எதிரணி கேப்டன். நடித்து முடிக்காமல் யாரும் கை நனைக்கக் கூடாது.

அக்கரைக்காரர்கள் தங்கள் கோலை நடித்துச் சிரித்து முடித்திருந்தார்கள். சூசைமிக்கேல் மாஸ்டரிடம் கையுறைகளை நீட்டினான். நாளைக்கு வேறு ஆளை நிறுத்தச் சொன்னான்.

"திரும்பவும் காலுக்கு நடுவுல போனா என்ன செய்ய, மாஸ்டர்?"

"எப்படிப் போச்சுன்னு காட்டிட்டுக் குடு. வாங்கிக்கிறேன்."

மணலில் இரண்டு கம்புகள் நட்டார்கள். அவன் கால்களை அகட்டி நின்றான். ஆன்றோஸ் பந்தை மெல்ல உருட்டினார். கை தானாகத் தாழ்ந்து எடுத்துவிட்டது.

மறுபடி உருட்டினார். மறுபடியும் பிடித்தான். கண்ணை மூடச் சொன்னார்கள். அப்போதும் பந்து கையில் இருந்தது. கையைப் பின்னால் கட்டச் சொன்னார்கள். முழங்கால்கள் சேர்ந்து பந்தைத் தடுத்தன.

"விடுல மக்கா, குழம்பு ஆறுது" என்று அவனுடைய அணியே கெஞ்சியது. வாங்கின கோலைக்கூட ஒழுங்காக வாங்கத் தெரியவில்லையே என்று அக்கரைப் பையன்கள் கேலி செய்தார்கள். கடைசியில் அவனே வயிற்றில் பந்தோடு மணலில் விழுந்து சிரித்தான்.

"விட முடியல மாஸ்டர்."

மாஸ்டர் கிழங்கை எடுத்து இலைகளில் வைக்க ஆரம்பித்திருந்தார்.

"எனக்க கிட்ட எதுக்குச் சொல்லுத? உருட்டினவன் அங்க நிக்கான். அவன்கிட்ட சொல்லு."

மறுநாள் இக்கரை ஒரு கோலில் ஜெயித்தது. கடைசியில் ஆன்றோஸ் அடித்த பந்து சூசைமிக்கேலின் நெஞ்சோடு நின்றது.

கைகள் அப்படித் தாமாகவே பிடிக்குமா என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். என் கைகள் எனக்கு அப்படி உதவியதில்லை. போன மாதம் ஆன்றோஸைப் பார்த்தபோது கேட்டே விட்டேன்.

"அண்ணே, மறுநாள் உங்களைத் தடுக்க நிக்கப் போறவன்னு தெரிஞ்சும், பந்தை ஏன் அவன் கைக்கே உருட்டினீங்க?"