பூட்டிக்கிட்ட ரேடியோ

ஒரு ஊர்ல ஒரு மஞ்ச வேன் இருந்துச்சாம். அத ஓட்டினவ பேரு பிலோமினா. பிலோமின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. காலையில பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துல விடுவா, சாயங்காலம் வீட்டுல விடுவா. கேக்குறியா? ம்.

அந்த வேன்ல சுடர்விழின்னு ஒரு பொண்ணு. உன் வயசுதான். கண்ணு தெரியாது. ஆனா சாயங்காலம் மணி அடிச்சதும் யார் கையையும் பிடிக்காம, வாசல்ல நிக்கிற அத்தனை வண்டிக்கு நடுவுலயும் தன் வேனுக்கே வந்து ஏறிருவா. எப்பிடி? பிலோமி கதவத் தொறந்து ரேடியோவச் சத்தமா போட்டு வைப்பா. அந்தச் சத்தத்தப் பிடிச்சுக்கிட்டு, குச்சியத் தட்டி, டொக் டொக்குன்னு வந்துருவா.

ஒரு நாள் அந்த ரேடியோ கிர்ர்ர்ருனு இழுத்துட்டு நின்னே போச்சு. உள்ள எல்லாம் கருகிருச்சாம். அன்னிக்கு பிலோமி ஹாரன் அடிச்சுப் பாத்தா. எல்லா வண்டியும்தான் பாம் பாம்னு அடிக்குது. சுடர் எந்தப் பக்கம்னு தெரியாம நடுவுல நின்னுட்டா. அப்புறம் பிலோமி ஓடிப்போயி கையப் பிடிச்சுக் கூட்டியாந்தா. மறுநாளும் அதேதான். சுடருக்குக் கோவம் வந்துருச்சு. எறங்கறப்போ, "இனிமே அம்மாவையே வரச் சொல்றேன்க்கா"ன்னா.

புதுசு வாங்கலாம்னா, அந்தப் பழைய வேனுக்குச் சேர்ற ரேடியோ இப்ப வர்றதில்லையாம். அதனால பழைய சாமான் கடைங்கள்ல தேடினா. முதக் கடையில பளபளன்னு ஒண்ணு கெடச்சுது. வேன்ல ரேடியோ வைக்கிற பொந்துல வச்சு அமுக்கினா, டங். உள்ள போகல, அகலம் ஜாஸ்தி. ஓகோ, அளவு வேணுமான்னு பொந்து அளவுக்கு ஒரு அட்டைய வெட்டி எடுத்துக்கிட்டா.

அப்புறம் ரெண்டாவது கடை. அங்க வாங்கினது சரக்குன்னு உள்ள போச்சு. ஆனா பின்னாடி வயர் மாட்டுற பிளக்கு சேரல. வேன்ல சப்பையா இருக்கு, ரேடியோவுல சதுரமா இருக்கு. கடைக்காரரு, "வயர வெட்டி முறுக்கி விட்டுரலாம்மா"ன்னாரு.

"பிள்ளைங்க வர்ற வண்டிங்க. பொறி பறந்தா என்ன பண்றது?"ன்னு வேண்டாம்னுட்டா.

மூணாவது கடையில இவ வேன் மாதிரியே ஒண்ணு சக்கரமில்லாம நின்னுச்சு. அதோட ரேடியோவக் கழட்டித் தன் வேன்ல மாட்டினா. சரக்குன்னு போச்சு, பிளக்கு டிக்குன்னு சேந்துச்சு, வெளிச்சம்கூட வந்துருச்சு. ஆனா சத்தம் வரல. நம்பர் போடுன்னு கேக்குது. ஏன்னு கேக்குறியா? திருடினவன் கையில பாடக் கூடாதுல்ல, அதுக்குத்தான். பேட்டரியிலேர்ந்து கழட்டினா தானா பூட்டிக்கும். மூணு தடவ தப்பா அமுக்கினா அப்புறம் தொறக்கவே தொறக்காது.

"அது பக்கத்து ஊரு கோதண்டம் வண்டிம்மா, காய்கறி லோடு ஏத்தினவரு. அவருக்குத்தான் தெரியும்"னாரு கடைக்காரரு.

பிலோமி இதச் சுடர்கிட்ட சொன்னதும், அவளுக்குக் கோவமெல்லாம் எங்கயோ போயிருச்சு. "பூட்டிக்கிட்ட ரேடியோவா? நானும் வரேன்க்கா."

ரெண்டு பேரும் வேன எடுத்துக்கிட்டு அவரு ஊருக்குப் போனாங்க. கோதண்டம் வேன்ல ஏறி உக்காந்தாரு, தலையச் சொறிஞ்சாரு. "எத்தன வருஷமாச்சு தாயி." யோசிச்சு யோசிச்சு அமுக்கினாரு. பீப். தப்பு. இன்னொண்ணு அமுக்கினாரு. பீப். கையப் பின்னால இழுத்துக்கிட்டாரு.

அப்போ சுடர் கேட்டா, "தாத்தா, முன்ன எப்பிடிப் போடுவீங்க?"

"விடியக்காலையில பேட்டரி எறங்கிக் கெடக்கும், ரேடியோவும் பூட்டிக்கிட்டிருக்கும். ஏத்திட்டு, இருட்டுலயே நம்பரத் தடவிப் போடுவேன்."

"அப்ப இப்பவும் பாக்காதீங்க. கண்ண மூடிக்கங்க. நம்பர நெனைக்காதீங்க, கை போற பக்கம் விடுங்க."

கோதண்டம் கண்ண மூடினாரு. விரலு மெதுவா பொத்தானத் தேடுச்சு. டிக், டிக்... கொஞ்சம் நின்னுச்சு... டிக், டிக்.

குர்ர்ர்ருனு ஒரு சத்தம். தொறந்துருச்சு. கை அதோட நிக்கல, தானா திருகி அவரு வழக்கமா கேக்குற ஸ்டேஷன்லயும் கொண்டுபோய் வச்சிருச்சு. கண்ணத் தொறந்து அவரே தன் கையப் பாத்து முழிச்சாரு.

மறுநாள் சாயங்காலம் மணி அடிச்சுது. பிலோமி கதவத் தொறந்து ரேடியோவப் போட்டா. அதே ஸ்டேஷன்ல யாரோ ஒருத்தரு கத்தரிக்காய்ப் புழுவப் பத்திப் பேசிட்டிருந்தாரு. அந்தப் பக்கம் சுடர் நின்னா, காதச் சாய்ச்சா. பிலோமிக்கு ஓடிப்போயி பிடிக்கணும்னு கை பரபரன்னுச்சு. கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னா. டொக், டொக், டொக். சுடர் ஆட்டோவத் தாண்டினா, சைக்கிளத் தாண்டினா, வந்து படியில கால வச்சா.

பிலோமி கண்ணத் தொடச்சுக்கிட்டு, "இரு, பாட்டு வைக்கிறேன்"னு கைய நீட்டினா.

"வேண்டாம்க்கா. புழுவ என்ன பண்ணாங்கன்னு கேப்போம்"னா சுடர்.

வேன் கெளம்பிருச்சு, கதையும் வீடு போய்ச் சேந்துருச்சு. நீயும் கண்ண மூடிக்கோ.