மரகதத்தின் கடைசி அத்தியாயம்

அந்தக் காலத்துக் கதைகளில் படித்த பெண்ணுக்கு ஆயுள் குறைவு. நாவல் வாசித்தவள் கெட்டுப்போவாள். கடிதம் எழுதத் தெரிந்தவள் கிணற்றில் விழுவாள். ஆனாலும் அந்தப் பழுப்பேறிய மாதப் பத்திரிகைகளை எடுத்தால் எனக்குக் கீழே வைக்க மனம் வராது. ஒரு கதைப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்று மாதம் முழுக்க வீடுகள் காத்திருந்தனவே, அந்தக் காத்திருப்பு இனி வருமா?

வெள்ளைக்காரன் ஆண்ட நாளில், திருநெல்வேலியில் திரவியம் பிள்ளை ‘குணமஞ்சரி’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் ‘ஸ்ரீமதி குமுதவல்லி’ தொடர்கதை எழுதினார். குமுதவல்லிக்கு முறுக்கு மீசை உண்டு. கோர்ட்டு குமாஸ்தா கோமதிநாயகம் பிள்ளைதான் அவர். பெண் பெயர் போட்டால் பெண்கள் வாசிப்பார்கள் என்று அப்போது ஆண்கள் அப்படி எழுதுவது வழக்கம். தாம் எழுதியதில் ஓர் எழுத்தையும் கூட்டவோ குறைக்கவோ கூடாதென்று குமாஸ்தா, திரவியம் பிள்ளையிடம் முதலிலேயே வாக்கு வாங்கியிருந்தார். கதையை மட்டும் எழுதி அனுப்புவார். மற்றதெல்லாம் அச்சகத்தார் பாடு.

கதாநாயகி மரகதம், படிக்க ஆசைப்பட்ட இளம் விதவை. கதை தொடங்கிய பதினோராம் மாதம் தென்காசியிலிருந்து உலகம்மை என்ற பெண்ணின் கடிதம் வந்தது. “நானும் மரகதம் போலத்தான் ஐயா. பாளையங்கோட்டையில் உபாத்தியாயினிப் பயிற்சிக்குப் போக அண்ணனிடம் கேட்டேன். ‘அந்த மரகதம் கதி என்னன்னு பாப்போம், பொறவு சொல்லுதேன்’ என்கிறார். அவளைச் சாகவிடாதீர்கள்.”

திரவியம் பிள்ளை இளகிவிட்டார். ‘மரகதம் சாகமாட்டாள், இது சத்தியம்’ என்று உடனே தபாலட்டை போட்டார். கதையைப் பார்க்காமல் போட்டதுதான் பிசகு. மறுநாள் வந்த கடைசி அத்தியாயம் இப்படி முடிந்தது: ‘மரகதம் கிணற்றில் குதித்தாள். நீர் மூடிக்கொண்டது.’

திரவியம் பிள்ளை குமாஸ்தா வீட்டுக்கு ஓடினார். “அவளைப் பொழைக்க வையும் வே!”

“படிச்ச விதவைய உயிரோட விட்டா எவன் வே உம்ம பத்திரிகைய வீட்டுக்குள்ள விடுவான்? ஓர் எழுத்து மாறப்படாது!” என்றார் கோமதிநாயகம்.

அத்தியாயம் எழுத்துப் பிசகாமல் அப்படியே அச்சானது. உலகம்மைக்குச் செய்த சத்தியமும் பொய்க்கவில்லை. வாசகரே, திரவியம் பிள்ளை இரண்டு வாக்கையும் எப்படிக் காப்பாற்றினார்?

விடை: கதையில் அவர் கைவைக்கவில்லை. அடியில் ‘முற்றும்’ போடுவது அச்சகத்தின் வேலை. அந்த இடத்தில் ‘தொடரும்’ என்று அச்செழுத்துக் கோக்கச் சொன்னார். குதித்தாள் என்றிருந்ததே தவிர, செத்தாள் என்று எங்கும் இல்லையே! மீசைக் குமுதவல்லி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். இனி ஒரு வரி எழுதமாட்டேன் என்றார். அதற்குத்தான் காத்திருந்த திரவியம் பிள்ளை தென்காசிக்கு இன்னொரு தபாலட்டை போட்டார். அடுத்த மாதம் மரகதம் கயிற்றைப் பிடித்துக் கிணற்றிலிருந்து ஏறி வந்தாள். எழுதியவர் பெயர் உலகம்மை. அந்தப் பத்திரிகையில் மெய்யாகவே ஒரு பெண்ணுடையதாக வந்த முதல் பெயர் அதுதான். அண்ணன் அதை இரண்டு தடவை வாசித்தார். ஆனி பிறந்ததும் தங்கையின் டிரங்குப் பெட்டியைத் தாமே சுமந்து அவளைப் பாளையங்கோட்டையில் கொண்டுபோய் விட்டார்.